கொங்குப் பகுதி இடதுசாரிகள் திமுகவோடு நின்றுகொண்டே அதை எதிர்ப்பது ஏன்?

கேள்வி இது: "கோவை, திருப்பூரில் கம்யூனிஸ்ட்டுகள் தேர்தல் நேரத்தில் திமுகவுக்கு ஓட்டுக் கேட்கிறார்கள். தேர்தல் முடிந்ததும் அதே அரசை எதிர்த்து ஆர்ப்பாட்டம் செய்கிறார்கள். இதில் என்ன கொள்கை இருக்கிறது?"

நியாயமான கேள்விதான். திருப்பூர் பனியன் கம்பெனியின் சம்பளக் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் பதில் விளங்கும்.

"ஒன்றரை ஷிப்ட்" என்பது திருப்பூரில் எல்லோர் வாயிலும் புழங்கும் சொல். 8 மணி நேரம் ஒரு ஷிப்ட், மேற்கொண்டு 4 மணி நேரம் அரை ஷிப்ட். கணக்குக்காக ஷிப்டுக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் 900. ஆறு நாளைக்கு 5,400. சனிக்கிழமை சம்பளக் கவரில் இந்தத் தொகை இருந்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆனால் 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வரும்வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் போட்ட கணக்கு வேறு. பிரிவு 51: வாரத்துக்கு 48 மணி நேரம். பிரிவு 54: நாளுக்கு 9 மணி நேரம். இதைத் தாண்டிய ஒவ்வொரு மணிக்கும் பிரிவு 59 இரட்டைச் சம்பளம் கொடுக்கச் சொன்னது. வாரம் 72 மணி நேரம் உழைத்தவருக்கு முதல் 48 மணிக்கு 3,600, மீதி 24 மணிக்கு மணிக்கு 150 வீதம் இன்னொரு 3,600. மொத்தம் 7,200 வர வேண்டும். வாரத்துக்கு 1,800 ரூபாய் விழுந்துபோகிறது. பீஸ் ரேட்டில் தைக்கும் பவர்டேபிள் டெய்லருக்கு இது கண்ணிலேயே படாது, ஏனென்றால் அவர் நேரத்தை எண்ணுவதில்லை, உருப்படியை எண்ணுகிறார். அவருக்கும் இரட்டைச் சம்பளம் உண்டு. முந்தைய மாதச் சராசரி வருமானத்தை வைத்து மணி வீதம் கண்டுபிடிக்க வேண்டும் என்று அதே பிரிவு சொன்னது.

இப்போது திமுகவுக்கு வருவோம். 2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் அதே தொழிற்சாலைகள் சட்டத்துக்கு ஒரு திருத்த மசோதாவை நிறைவேற்றினார்கள். 65ஏ என்று புதுப் பிரிவு. வேலை நேரம், இடைவேளை, ஓவர்டைம் பிரிவுகளிலிருந்து எந்தத் தொழிற்சாலைக்கும் அரசு விலக்குக் கொடுக்கலாம் என்பது அதன் சாரம். வாரத்துக்கு 48 மணி நேரம் மாறாது, தொழிலாளி விரும்பினால் மட்டும்தான் என்று அரசு விளக்கம் சொன்னது. கம்பெனிக்குள் அந்த "விருப்பம்" எப்படி நடக்கும்? ஷிப்மென்ட் தேதி நெருங்கும்போது சூப்பர்வைசர் வந்து "இன்னிக்கு இருந்து முடிச்சுக் குடுத்துட்டுப் போங்க" என்பார். முடியாது என்றவரின் மெஷினில் மறுநாள் வேறொருவர் உட்கார்ந்திருப்பார். சங்கம் இல்லாத இடத்தில் விருப்பம் என்ற சொல்லுக்கு வேறு பொருள் கிடையாது.

கூட்டணியில் இருந்த இரு கம்யூனிஸ்ட் கட்சிகளும் வெளிநடப்புச் செய்தன. காங்கிரசும் விடுதலைச் சிறுத்தைகளும் செய்தன. திமுகவின் சொந்தச் சங்கமான தொமுசவும் ஏற்கவில்லை. மூன்றே நாளில் மசோதா நிறுத்திவைக்கப்பட்டது, மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். கூட்டணியில் இருந்தபடியே எதிர்ப்பதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் என்னிடம் இல்லை.

திமுக செய்த நல்லதை மறைக்கவும் கூடாது. 2021 மே மாதம் முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பல்லடத்திலிருந்தும் அவிநாசியிலிருந்தும் தினமும் வேலைக்கு வரும் பெண்ணுக்கு அது நேரடியான கூலி உயர்வு. காலை உணவுத் திட்டத்தின் அருமை, விடிந்ததும் கம்பெனிக்கு ஓடும் தாய்க்குத் தெரியும். 2023 செப்டம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகையும் வருகிறது. இடதுசாரிகள் இவற்றைக் காப்பாற்றத்தான் வேண்டும். ஆனால் மேலே போட்ட கணக்கைப் பக்கத்தில் வையுங்கள்: அரசு மாதத்துக்கு 1,000 கொடுக்கிறது, கம்பெனி வாசலில் வாரத்துக்கு 1,800 போகிறது. கருவூலத்திலிருந்து கொடுப்பதில் தாராளமாக இருக்கும் கட்சி, முதலாளியிடமிருந்து சட்டப்படி வாங்கித் தருவதில் தயங்குகிறது. என் விமர்சனம் முழுக்க இதுதான்.

அந்தத் தயக்கத்துக்கு இங்கே ஒரு காரணம் உண்டு. 2021இல் கோவை மாவட்டத்தின் 10 தொகுதிகளிலும் அதிமுக கூட்டணியே வென்றது. கொங்கில் காலூன்ற மில், கம்பெனி, நிலம் வைத்திருப்பவர்களின் ஆதரவு வேண்டும் என்று திமுக நினைக்கிறது. கொங்கு வேளாளக் கவுண்டர்களின் ஆதரவில் நிற்கும் கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சியைக் கூடவே வைத்துக்கொள்வதும் அந்தக் கணக்கில்தான். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில், வேறு சாதிப் பெண்ணை மணந்த தலித் இளைஞர் சங்கர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்ட பிறகும், ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் என்ற கோரிக்கை ஆண்டுக்கணக்கில் கிடப்பில் கிடந்ததை இதிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

திருப்பூர் பக்கத்துப் பெருமாநல்லூர்க்காரர்களுக்குத் திமுகவின் இரண்டு முகமும் பழக்கம். பம்புசெட் மின் கட்டண உயர்வை எதிர்த்த விவசாயிகள் மூவர் 1970 ஜூன் 19 அன்று அங்கே போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். அப்போது திமுக ஆட்சி. விவசாயத்துக்கு இலவச மின்சாரம் 1990இல் வந்தது. அதுவும் திமுக ஆட்சி. இடையில் இருந்தது விவசாயிகளின் இருபதாண்டுப் போராட்டம்; 1984இல் இறக்கும்வரை அதைத் திரட்டியவர் விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு. அவர் இடதுசாரி இல்லை, ஆனாலும் இந்தக் கட்சி எதற்கு வளையும் என்பதை அவர் சரியாகப் புரிந்துவைத்திருந்தார்.

இடதுசாரிகள் மீதும் எனக்குக் குறை உண்டு. 2019 தேர்தல் செலவுக் கணக்கில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியான சிபிஐக்கு 15 கோடி, மார்க்சிஸ்ட் கட்சியான சிபிஎம்முக்கு 10 கோடி கொடுத்ததாகத் திமுகவே தேர்தல் ஆணையத்தில் காட்டியது. வங்கி வழியாக வந்த பணம், சட்ட மீறல் எதுவும் இல்லை. ஆனால் கை நீட்டி வாங்கிய பிறகு குரல் உயராது என்று தொழிலாளி நினைப்பதில் தப்பில்லை. 2019இல் சிபிஎம்மின் பி.ஆர். நடராஜன் வென்ற கோவை மக்களவைத் தொகுதியை 2024இல் திமுக எடுத்துக்கொண்டு சிபிஎம்முக்குத் திண்டுக்கல்லைக் கொடுத்தது. கோவையில் சங்க உறுப்பினர் எண்ணிக்கை குறையக் குறைய பேரம் பேசும் பலமும் குறைகிறது. பாஜகவைத் தடுக்க வேண்டும் என்பதால் தேர்தலில் சேர்ந்து நிற்கிறார்கள், அது சரியான முடிவு. மற்ற ஐந்து வருடமும் ஒன்றரை ஷிப்ட் கணக்கைக் கம்பெனி கம்பெனியாகக் கேட்க ஆள் வேண்டும். கோவையிலும் திருப்பூரிலும் இன்று குறைவது அந்த ஆட்கள்தான்.