குறைந்த விலையில் ஓட்டச் சுகமான பழைய கார்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வேகமாக ஓட வேண்டும், அடிக்கடி ஒர்க்‌ஷாப்புக்குப் போகக் கூடாது, விலையும் கைக்கு அடங்க வேண்டும். இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை மூன்றையும் சேர்த்தே கேட்கின்றன. அப்படிப்பட்ட கார்கள் இருக்கின்றன. ஆனால் கையில் ஆறு லட்சம் இருந்தால் ஐந்து லட்சத்துக்குக் கார் தேடுங்கள். டயர், பிரேக், சஸ்பென்ஷன் புஷ், பெயர் மாற்றம், இன்சூரன்ஸ் என்று மீதி ஒரு லட்சத்துக்கு முதல் வருடத்திலேயே வேலை இருக்கும். கீழே உள்ள பதில்கள் எல்லாமே இந்தக் கணக்கை மனதில் வைத்து எழுதியவை.

2015 போலோ ஜிடி டிஎஸ்ஐ ஒன்று ஐந்தேகால் லட்சத்துக்கு வருகிறது. ஓட்டிப் பார்த்ததில் இருந்து வேறு எதிலும் மனசு ஒட்டவில்லை. ஆனால் அதன் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைச் சொல்லி நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். வாங்கலாமா? (மதுரை)

நண்பர்கள் சும்மா சொல்லவில்லை. அந்தக் காரின் 1.2 லிட்டர் டர்போ என்ஜின் தருவது 105 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவிசை). எடை குறைந்த காருக்கு இது தாராளம். சிக்கல் அதோடு சேர்ந்து வரும் டிக்யூ200 என்ற ஏழு கியர் டிஎஸ்ஜி பெட்டியில். அதற்குள் இரண்டு கிளட்ச். ஒற்றைப்படை கியர்களை ஒன்றும் இரட்டைப்படை கியர்களை இன்னொன்றும் பார்த்துக்கொள்கின்றன. இரண்டுமே எண்ணெயில் நனையாத உலர் வகை. நான்குவழிச் சாலையில் கியர் மாறுவதே தெரியாது. உச்சி வெயிலில் கோரிப்பாளையம் நெரிசலில் ஊர்ந்தால், கிளட்ச் பாதி பிடித்த நிலையிலேயே உரசி உரசிச் சூடேறும். கியரையும் கிளட்சையும் இயக்கும் மெகாட்ரானிக் யூனிட்டில் ஹைட்ராலிக் வால்வுகளும் மின்னணுப் பலகையும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. அது போனால் பில் லட்சத்தைத் தொட்டுவிடலாம்.

அதனால் குளிர்ந்த வண்டியைக் காலையில் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு முடிவு செய்யாதீர்கள். முக்கால் மணி நேரமாவது நகர நெரிசலில் ஓட்டிச் சூடாக்குங்கள். பிறகு சமதளத்தில் நிறுத்தி, பிரேக்கில் இருந்து காலை மெதுவாக எடுங்கள். ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே கார் வழுக்கிக்கொண்டு நகர வேண்டும். உதறினாலோ, முதல் கியரில் இருந்து இரண்டுக்குப் போகும்போது முதுகில் ஒரு தள்ளு விழுந்தாலோ, ரிவர்ஸ் போட்டதும் அடியில் ‘டொக்’ என்று கேட்டாலோ கிளட்ச் தேய்ந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். மீட்டரில் கியர் நிலை காட்டும் எழுத்து விட்டு விட்டு மின்னினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். மாறாக, கிளட்சையோ மெகாட்ரானிக்கையோ சமீபத்தில் மாற்றிய பில்லை ஓனர் எடுத்துக் காட்டினால், அந்த வண்டிக்கு நானே கொஞ்சம் கூட்டிக் கொடுப்பேன்.

இன்னும் சில மாதம் பொறுக்க முடியுமானால் 2020க்கும் 2022க்கும் இடையில் வந்த 1.0 டிஎஸ்ஐ போலோவை, ஆறு கியர் மேனுவலில் தேடுங்கள். 110 குதிரைத்திறன், டிஎஸ்ஜி பயமே கிடையாது. போலோ வரிசையில் என் ஓட்டு அதற்குத்தான்.

டியாகோ ஜேடிபி, பலேனோ ஆர்எஸ் இரண்டும் ஒரே விலையில் கிடைக்கின்றன. எதை எடுப்பது? (பொள்ளாச்சி)

உங்கள் பக்கத்து ஊர் கார் என்பதால் ஜேடிபியில் இருந்து தொடங்குகிறேன். டாடாவும் கோவையின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் கூட்டு சேர்ந்து 2018ல் கொண்டுவந்த கார் அது. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல், 114 குதிரைத்திறன், 150 நியூட்டன் மீட்டர். கியர் விகிதங்களைச் சுருக்கி, சஸ்பென்ஷனை இறுக்கி, உயரத்தைக் கொஞ்சம் இறக்கியிருந்தார்கள். விற்பனை நெடுநாள் நீடிக்கவில்லை, கூட்டு நிறுவனமும் கலைந்தது. கதவு, கண்ணாடி, பிரேக் போன்ற சாதாரண டியாகோவின் பாகங்கள் எங்கும் கிடைக்கும். ஜேடிபிக்கென்றே செய்த பம்பர், ஸ்பிரிங், டேம்பர் ஆகியவற்றுக்கு அலைய வேண்டும். முன்பக்கம் அடிபட்ட ஜேடிபியைத் தொட வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

பலேனோ ஆர்எஸ் 2017ல் வந்தது. 1.0 லிட்டர் பூஸ்டர்ஜெட் டர்போ என்ஜின், 102 குதிரைத்திறன், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். எடை 950 கிலோதான். கார் எவ்வளவு லேசோ அவ்வளவு சுகம், வளைவில் அதை உடனே உணர்வீர்கள். சஸ்பென்ஷன் ஜேடிபி அளவுக்கு இறுக்கம் இல்லை. வாங்கும் முன் ஒன்றைச் சரிபாருங்கள். பிரேக்குக்கு உதவும் வேக்கம் பம்பில் கோளாறு வரலாம் என்று 2023 ஏப்ரலில் 7,213 ஆர்எஸ் கார்களை மாருதி திரும்ப அழைத்தது. சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால், அந்த வேலை முடிந்ததா என்று சர்வீஸ் சென்டரில் சொல்லிவிடுவார்கள்.

தினமும் ஓட்ட ஒரே கார் என்றால் பலேனோ. வீட்டில் இன்னொரு வண்டி இருந்தால் ஜேடிபி.

ஆறு லட்சத்துக்கு ஸ்கோடா ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ! 180 குதிரைத்திறன்! ஏன் எல்லோரும் இதை வாங்குவதில்லை? (சென்னை)

விலை இறங்கியது காருக்கு மட்டும். அதன் பாகங்களுக்கு இன்றும் புதிய ஆக்டேவியா ஓனர் கொடுக்கும் விலைதான். அதிலும் இந்தக் காரில் இருப்பது மதுரை நண்பருக்குச் சொன்ன அதே டிக்யூ200 கியர்பெட்டி. அந்தப் பெட்டி தாங்கும் டார்க் 250 நியூட்டன் மீட்டர், என்ஜின் தருவதும் அதே 250. மிச்சம் மீதி எதுவும் இல்லை. யாராவது ரீமேப் செய்து, அதாவது என்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றிச் சக்தியைக் கூட்டி, ஓட்டியிருந்தால் கியர்பெட்டி என்ன பாடு பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அருமையான கார்தான், அதில் சந்தேகமில்லை. பின்பக்க மல்டிலிங்க் சஸ்பென்ஷனோடு ஈசிஆரில் ஓட்டிப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். ஆனால் காருக்கு ஆறு லட்சம் போக தனியாக இரண்டு லட்சம் ஒதுக்க முடிந்தவர் வாங்க வேண்டிய வண்டி. அதற்கும் முந்தைய லாரா 1.8 டிஎஸ்ஐ மலிவாக வருகிறதே என்று அடுத்து கேட்பீர்கள். அந்தத் தலைமுறை என்ஜின் ஆயில் குடிப்பதற்குப் பேர்போனது. எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் ஊற்றுகிறீர்கள் என்று ஓனரிடம் நேராகவே கேளுங்கள்.

ஃபோர்டு கம்பெனியே போய்விட்டது. ஃபிகோ வாங்குவது புத்திசாலித்தனமா? (திருச்சி)

தயங்காமல் வாங்கலாம். 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. சர்வீஸும் உதிரி பாகங்களும் அதோடு நின்றுவிடவில்லை. ஆனால் அந்த அறிவிப்பால் பழைய ஃபோர்டுகளின் விலை இறங்கியது, நல்ல ஓட்டுநர்களுக்கு அதில் லாபம்.

2015க்குப் பின் வந்த ஃபிகோ 1.5 டீசலைப் பாருங்கள். 100 குதிரைத்திறன், 215 நியூட்டன் மீட்டர், எடை ஒரு டன்னைச் சற்றே தாண்டும். மூன்றாவது கியரில் லேசாக மிதித்தாலே இழுத்துக்கொண்டு போகும், மைலேஜும் கொடுக்கும். செலவுக்கும் சுகத்துக்கும் இவ்வளவு நன்றாகப் பொருந்தும் பழைய கார் நம் சந்தையில் வேறு இல்லை என்பது என் உறுதியான கருத்து. டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்பதை மட்டும் பில்லோடு பாருங்கள். பில் இல்லையா? மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

மறைமலை நகரில் தயாரான பழைய ஃபியஸ்டா 1.6 எஸ் பெட்ரோலுக்கும் நான் ரசிகன். 101 குதிரைத்திறன், ஹைட்ராலிக் ஸ்டியரிங். முன் சக்கரம் தார்ச்சாலையில் செல்கிறதா, ஓரத்து மணலில் ஏறிவிட்டதா என்று விரல் நுனியிலேயே தெரியும். இன்றைய எலெக்ட்ரிக் ஸ்டியரிங்குகளில் அது இல்லை. நல்ல நிலையில் கிடைப்பதுதான் கஷ்டம்.

ஈகோஸ்போர்ட்டின் 1.0 ஈகோபூஸ்ட் வேண்டாம். அதன் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. முந்தைய ஓனர் ஒரே ஒருமுறை தவறான ஆயில் ஊற்றியிருந்தாலும் பெல்ட் அரித்து, துகள் ஆயில் பம்பை அடைக்கும்.

அபார்த் புன்டோ? (புதுச்சேரி)

145 குதிரைத்திறன், ஆசை வரத்தான் செய்யும். ஃபியட் இந்திய சந்தையை விட்டுப் போன பிறகு பாகங்களுக்குக் காத்திருப்பு அதிகம். ஃபியட் தெரிந்த மெக்கானிக் கைவசம் இருந்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் வேண்டாம்.

வயது 23, முதல் கார். ரீமேப் செய்த போலோ டீசல் ஒன்று வந்திருக்கிறது. 140 குதிரைத்திறன் இருக்கும் என்கிறார்கள். (ஈரோடு)

தம்பி, வேண்டாம். சக்தியைக் கூட்டியவர் பிரேக்கையும் கிளட்சையும் டயரையும் அதற்கேற்ற மாதிரி மாற்றினாரா என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பதில் வராது. டர்போவும் கிளட்சும் எவ்வளவு அடி வாங்கியிருக்கின்றன என்பதும் வெளியில் தெரியாது. சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பில் இருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு. 2019ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பிடிப்பது இதைத்தான்.

உங்களுக்கு நான் சொல்வது யாரும் கைவைக்காத ஸ்விஃப்ட் 1.2 பெட்ரோல். லேசான வண்டி, ஊருக்கு ஊர் பாகம் கிடைக்கும். நல்ல டயர் நான்கு போட்டு, கியரைச் சரியாக இறக்கி வளைவில் நுழையப் பழகுங்கள். முழு வேகத்தை உணர ஆசையா? கோவை செட்டிப்பாளையம் கரி டிராக்கிலோ இருங்காட்டுக்கோட்டையிலோ டிராக் டே நடக்கும்போது ஹெல்மெட்டோடு போய் ஓட்டுங்கள். பவானி ரோட்டில் வேண்டாம். எதிரே பள்ளி வேன் வரும் சாலை அது.

டெல்லி டீசல் கார்கள் பாதி விலைக்கு வருகின்றன. கொண்டுவரலாமா? (திருநெல்வேலி)

10 ஆண்டு தாண்டிய டீசலுக்கும் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோலுக்கும் தலைநகர் வட்டாரத்தில் கெடுபிடி வந்ததால் அங்கே விலை விழுந்தது. கார் மலிவு என்பதால் மொத்தச் செலவும் மலிவாகிவிடாது. அங்கிருந்து என்ஓசி என்ற தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம். ஆயுட்கால வரியை இங்கே தனியாகக் கட்ட வேண்டும். வண்டி எண்ணை எழுதிக்கொண்டு போய், வரி எவ்வளவு வரும் என்று உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்ட பிறகு முன்பணம் கொடுங்கள். அந்தத் தொகையையும் லாரி வாடகையையும் கூட்டினால் உள்ளூர் வண்டியே மேல் என்று பலமுறை முடிகிறது.

அப்பா காலத்து ஹோண்டா சிட்டி விடெக், 2002 மாடல், ஒரே ஓனர். வாங்கி வைத்துக்கொள்ளலாமா? (சேலம்)

1.5 லிட்டரில் 106 குதிரைத்திறன், அதுவும் டர்போ இல்லாமல், நிமிடத்துக்கு 6,800 சுற்றில். ஊசி மேலே ஏற ஏற என்ஜினின் குரல் மாறும், அதைக் கேட்கவே இரண்டாவது கியரில் கொஞ்சம் நேரம் கூட நிற்கத் தோன்றும். ஞாயிற்றுக்கிழமை வண்டியாக, தாராளமாக. தினசரிக்கு வேண்டாம். பாதுகாப்பு வசதிகள் அந்தக் காலத்து அளவில்தான் இருக்கும்.

15 ஆண்டு முடிந்ததால் ஆர்சி புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா, எந்தத் தேதி வரை என்று பாருங்கள். புதுப்பித்தால் ஐந்தாண்டுதான் கிடைக்கும். பிறகு பெட்ரோல் குழாய், ரேடியேட்டர் ஹோஸ், டைமிங் பெல்ட், என்ஜின் மவுண்டிங் எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றிவிடுங்கள். இந்த வயதில் ரப்பரை நம்பக் கூடாது.

மெக்கானிக் கூட வர முடியாத நாளில் நானே என்ன பார்க்கலாம்? (தாம்பரம்)

போய் இறங்கியதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே ஸ்டார்ட் செய்துவிட்டார்கள். முதல் ஸ்டார்ட்டில் வரும் புகையையும் செயின் சத்தத்தையும் மறைக்க அது வழக்கமான வழி. இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லுங்கள்.

பானெட்டும் ஃபென்டரும் சேரும் போல்ட்டுகளைப் பாருங்கள். பெயின்ட் உரிந்து ஸ்பேனர் தடம் இருந்தால் அந்தப் பகுதியைக் கழற்றியிருக்கிறார்கள். கதவு ரப்பரை இழுத்தால் அடியில் கம்பெனி போட்ட ஸ்பாட் வெல்டு வரிசையாகத் தெரியும். அது வழவழவென்று பட்டி பூசி மூடியிருந்தால் பெரிய டிங்கரிங் வேலை நடந்திருக்கிறது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ன் 23வது வாரம் தயாரான டயர். ஓடோமீட்டர் 30,000 காட்டி, டயர் காரை விடப் புதிய இரண்டாவது செட்டாக இருந்தால் கேள்வி கேட்க வேண்டிய இடம் அது.

உங்கள் பகுதியில் வெள்ளம் பார்த்த கார்கள் நிறைய. 2015லும் 2023 மிக்ஜாம் புயலிலும் மூழ்கியவை துடைத்து மினுக்கி விற்பனைக்கு வந்திருக்கின்றன. சீட் பெல்ட்டை முழுதும் வெளியே இழுங்கள். கடைசி ஒரு முழத்தில் மண் கோடு தெரிந்தாலோ, சீட் முன்னும் பின்னும் நகரும் இரும்புத் தடம் துருப்பிடித்திருந்தாலோ திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

அம்மாவும் ஓட்டும்படி, அதிகம் பழசாகாத ஒன்று? (வேலூர்)

ஹூண்டாய் ஐ20 என் லைன், 2021க்கும் 2023க்கும் இடையில் வந்தது. 120 குதிரைத்திறன், பின்னாலும் டிஸ்க். கிளட்ச் பெடல் இல்லாத ஐஎம்டி கியரை அம்மா ஒரு வாரத்தில் பழகிவிடுவார்.

பணம் கொடுத்து வண்டியை எடுத்தாயிற்று. பெயர் மாற்றத்தை நிதானமாகச் செய்யலாமா? (தஞ்சாவூர்)

கூடாது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவரின் கையெழுத்தை அன்றைக்கே வாங்குங்கள். கடன் இருந்த வண்டி என்றால் ஆர்சியில் உள்ள கடன் குறிப்பை நீக்க வங்கியின் படிவம் 35ம் வேண்டும். ஆர்சியில் யார் பெயரோ அவரே சட்டப்படி ஓனர் என்று 2018ல் உச்ச நீதிமன்றம் சொன்னதால், நாள் கடந்தால் சிக்கல் விற்றவருக்கும் சேர்த்துத்தான். 14 நாட்களுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். உங்கள் வண்டியால் பிறருக்கு நேரும் சேதத்துக்கான மூன்றாம் நபர் பாதுகாப்பு தானாகத் தொடரும். உங்கள் காருக்கு அடிபட்டால் கிடைக்க வேண்டிய பணம் பெயர் மாறாமல் கிடைக்காது. கிளெய்ம் செய்யாத வருடங்களுக்குத் தரும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் விற்றவருடையது, அந்த வித்தியாசத் தொகையை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும்.