ஒக்டோபரில் பீஎச்டிக்குப் போகும் தங்கச்சிக்கு

தங்கச்சி, நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து கோண்டாவில் வீட்டில் நிற்கிறேன். உம்முடைய கேள்வியை இங்கே முற்றத்தில் இருந்துதான் வாசித்தேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் முடித்துவிட்டு, புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிவது பற்றிய நான்கு வருட பீஎச்டிக்கு மன்செஸ்டர் போகிறீர். தரும் காசு போதுமா, டொக்டருக்குப் படிக்காத என்னைக் கணக்கெடுப்பார்களா, முதல் வருடம் என்னதான் செய்ய வைப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்.

காசுக் கதையை முதலில் முடித்துவிடுவோம். பிரித்தானிய அரசின் ஆய்வு நிதி அமைப்பு 2025-26க்கு வைத்த ஆகக்குறைந்த உதவித்தொகை வருடத்துக்கு 20,780 பவுண். அதற்கு வருமான வரி இல்லை. மன்செஸ்டரில் ஒரு அறை எடுத்து, வீட்டில் சமைத்துச் சாப்பிட்டால் தனி ஆளுக்குப் போதும். லண்டன் என்றால் கையைக் கடிக்கும். புறப்பட முன்னர் வரும் செலவுதான் ஆளை விழுத்தும். விசாவோடு சேர்ந்த சுகாதாரக் கட்டணம் மாணவருக்கு வருடத்துக்கு 776 பவுண், முழுக் காலத்துக்கும் ஒரேயடியாகக் கட்ட வேண்டும். அதை யார் கட்டுவது என்று இப்போதே எழுதிக் கேளும். 2016இல் நானும் இதே துறையில் பீஎச்டிக்குப் போனபோது அது இவ்வளவு இல்லை. அப்படியிருந்தும் அம்மாவின் காப்பு அடைவுக்குப் போனது.

டொக்டர் இல்லையே என்ற கவலையை விட்டுவிடும். என்னுடைய குழுவில் பௌதிகம் படித்தவர், புள்ளிவிபரக்காரர், தாதியாக இருந்தவர் என்று எல்லோரும் இருந்தார்கள். நோயாளியைத் தொட்டுப் பார்த்தவர்கள் பாதிப் பேர்கூட இல்லை. (பட்டம் கிடைத்த பிறகு ஊரில் நீர் டொக்டர்தான். மாமிமார் முழங்கால் எக்ஸ்ரேயை வைபரில் அனுப்புவார்கள். அதற்கும் ஆயத்தமாக இரும்.)

முதல் வருடம்தான் பெரிய கதை. அமெரிக்காவைப் போல அங்கே நீண்ட பாட வகுப்பு கிடையாது. ஒரு மேசை, ஒரு கணினி, கிழமைக்கு ஒரு சந்திப்பு, அவ்வளவுதான். நான் என்ன நினைத்துப் போனேன் என்றால், நோயை எவ்வளவு வேளைக்குப் பிடிக்கிறோமோ அவ்வளவுக்கு நல்லது, அதற்கொரு சோதனையைக் கண்டுபிடித்தால் வேலை முடிந்தது என்று. அந்த நினைப்பைக் கழற்றி வைக்கவே எனக்கு ஒரு வருடம் போனது.

இப்படிப் பாரும். கனடா மாமா வருகிறார். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியதும் உமக்குப் போன் எடுத்தார், உம்முடைய தம்பிக்கு எடுக்கவில்லை. நீர் எட்டு மணித்தியாலம் மாமாவை எதிர்பார்த்து இருந்தீர். தம்பி வாசலில் வான் ஹோர்ன் கேட்டுத்தான் அறிந்தான். மாமா வந்து சேர்ந்த நேரம் இருவருக்கும் ஒன்றுதான். நோயை நான்கு வருடம் முந்திக் கண்டுபிடித்து, சாகும் திகதி மாறாவிட்டால், அந்த நோயாளி ‘நான்கு வருடம் கூட வாழ்ந்தார்’ என்று கணக்கு காட்டும். உண்மையில் அவர் நான்கு வருடம் கூடப் பயந்திருந்தார், அவ்வளவுதான்.

இன்னொன்று. காங்கேசன்துறை வீதியை ஒருமுறை எட்டிப் பார்த்தால் கண்ணில் படுவது கூடுதலாகச் சைக்கிள்தான், வீதியில் அதிக நேரம் நிற்பது அது என்பதால். மோட்டார் சைக்கிள் எப்போதோ பறந்திருக்கும். இரண்டு வருடத்துக்கொருமுறை செய்யும் சோதனையிலும் மெதுவாக வளரும் கட்டிகளே அதிகம் அகப்படும். அவற்றில் சில ஆளை ஒருபோதும் கொல்லாது. தென்கொரியாவில் கழுத்தை ஸ்கேன் பண்ணத் தொடங்கியதில், 2011இல் கண்டறியப்பட்ட தைரொயிட் புற்றுநோய் வீதம் 1993இல் இருந்ததைவிடப் பதினைந்து மடங்கு. இறப்போ அசையவில்லை. இடையில் ஆயிரக்கணக்கானோர் தைரொயிட் சுரப்பியை வெட்டி எடுத்துவிட்டு வாழ்நாள் முழுக்கக் குளிசை போடுகிறார்கள்.

இதைக் கேட்டு இந்தத் துறையே வீண் என்று நினைத்துவிடாதேயும். கேம்பிரிட்ஜில் ரெபெக்கா பிட்ஸ்ஜெரால்டின் குழு நூலில் கட்டிய ஒரு குளிசையை விழுங்கக் கொடுக்கிறது. வயிற்றுக்குள் அது கரைய, உள்ளே மடங்கியிருந்த பஞ்சு விரியும். நூலைப் பிடித்து இழுத்தால் உணவுக் குழாயின் கலங்களை ஒற்றிக்கொண்டு வரும். 2020இல் வந்த முடிவின்படி, அந்தச் சோதனைக்கு அழைக்கப்பட்ட பக்கத்தில் 140 பேரிடம் பாரெட்ஸ் என்ற, உணவுக் குழாய்ப் புற்றுநோயின் முன்நிலை கண்டறியப்பட்டது. வழமையான வைத்தியப் பக்கத்தில் 13 பேர். அப்படியிருந்தும் அவர்கள் அதோடு நிறுத்தவில்லை. சாவு குறைகிறதா என்று பார்க்க இன்னும் பெரிய ஆய்வு ஓடுகிறது. உமக்குக் கிடைக்கப் போகும் பயிற்சி அந்தப் பிடிவாதம்தான்.

ஒருமுறை என் சோதனையை நோயாளிகள் சிலரின் முன்னால் விளக்கினேன். அங்கே ஆய்வுக்கு அவர்களிடமும் கருத்துக் கேட்பது வழக்கம். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற ஒருவர், “சரி பிள்ளை, உன்ரை சோதனை ஓம் எண்டு சொன்னால் அடுத்த நாள் எனக்கு என்ன செய்வியள்?” என்ற பொருளில் ஆங்கிலத்தில் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பிறகு வீட்டில் கணக்குப் போட்டேன். ஆயிரம் பேரில் ஐந்து பேருக்கு நோய் இருக்கிறது என்று வையும். சோதனை அதில் நாலு பேரைப் பிடிக்கும், நல்லாயிருக்கிற நூறு பேரில் ஐந்து பேரைப் பிழையாகச் சொல்லும் என்றால், ‘ஓம்’ வந்த ஐம்பத்துநான்கு பேரில் ஐம்பது பேர் சும்மா பயந்தவர்கள். அந்த இரவு நித்திரை வரவில்லை.

மேற்பார்வையாளரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டி வரும். எனக்கு ஆறு மாதம் ‘சேர்’ வாயிலிருந்து இறங்கவில்லை. அதைவிடக் கஷ்டம், “நீங்கள் சொல்வது பிழை” என்று அவர் முகத்துக்கு நேரே சொல்வது. சொல்லாவிட்டால்தான் அங்கே உம்மை மதிக்கமாட்டார்கள். அப்புறம், நோயாளிகளின் தரவு கேட்டு விண்ணப்பித்தால் அது ஆமை வேகத்தில் வரும். எனக்கு ஒன்பது மாதம் எடுத்தது. போன முதல் மாதமே விண்ணப்பத்தைப் போடும்.

என்னுடைய முதல் வருட அறிக்கை சிவப்பு மைத் திருத்தங்களோடு பெட்டியில் இருக்கிறது. வாரும், காட்டுகிறேன். தேரன்று மட்டும் வராதேயும், வீட்டில் ஒருத்தரும் இருக்கமாட்டோம்.