மான்ஹோல் நிரம்பினால் யாரிடம் போவது? அயலவர் கேள்விகளும் பதில்களும்

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பகுதிகளில் குடியிருக்கும் அயலவர்கள் எழுதி அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். உள்ளூராட்சி வேலைத்தளங்களில் நீண்டகாலம் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். ஒரே விடயத்தைப் பலர் கேட்டிருந்தால் அவற்றை ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறேன்.

வெள்ளவத்தையிலிருந்து ஓர் இல்லத்தரசி: ஐயா, மழை பெய்தால் எங்கள் ஒழுங்கை முனையிலுள்ள மான்ஹோல் மூடியைத் தள்ளிக்கொண்டு மலசல நீர் வெளியே வருகிறது. பிள்ளைகள் அதை மிதித்துத்தான் பாடசாலைக்குப் போகிறார்கள். தண்ணீர்ச் சபையிடம் சொல்வதா, மாநகர சபையிடம் சொல்வதா?

மாநகர சபையிடம்தான், அம்மா. குடிநீர்க் குழாய் வெடித்தால் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் 1939 இலக்கத்துக்கு அழைக்க வேண்டும். ஆனால் கொழும்பு மாநகர எல்லைக்குள் மலசலக் குழாய்களைப் பராமரிப்பது மாநகர சபையின் வடிகால் பிரிவு. தெகிவளைக் கால்வாயைத் தாண்டிவிட்டால் மாநகர சபையே வேறாகிவிடும். அங்கே மலசலக் குழாய் நீர்ச் சபையின் பொறுப்பு. தெகிவளையில் இருக்கும் ஒருவர் செய்தது உங்களுக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

இனி, மழைக்கு மட்டும் ஏன் நிரம்புகிறது என்பதைப் பார்ப்போம். கொழும்பில் மழைநீருக்கும் மலசல நீருக்கும் வெவ்வேறு பாதைகள் உண்டு. மழைநீர் வீதியோரக் கான் வழியாகக் கால்வாய்க்கும் கடலுக்கும் போகிறது. மலசல நீரோ, சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் போடத் தொடங்கிய நிலக்கீழ்க் குழாய்களில் ஓடி, நீரேற்று நிலையங்களால் தள்ளப்பட்டு, வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் கடலுக்குள் நீட்டப்பட்டுள்ள நீண்ட குழாய்கள் வழியாக வெளியேறுகிறது. ஒரு வீட்டுக்காரர் கூரைப் பீலியின் தண்ணீரையோ முற்றத்துத் தண்ணீரையோ மலசலக் குழாய்க்குள் திருப்பிவிட்டால், பத்துக் குடும்பங்களின் கழிவுக்கென்று அளந்து போட்ட குழாய்க்குள் ஒரு கூரையின் முழு மழையும் பாய்ந்து, பள்ளமான இடத்திலுள்ள மான்ஹோல் வழியாக மேலே வந்துவிடும். வேலைத்தளத்தில் நாங்கள் இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய அடையாளம் வைத்திருந்தோம்: மூடியைச் சுற்றித் தேங்கிய கழிவில் மாவிலையோ வேப்பிலையோ மிதக்கிறதா என்று முதலில் பார்ப்போம். கழிப்பறை வழியாக இலை வர வழியில்லை. இலை இருந்தால், மேலே எங்கேயோ ஒரு பீலி அந்தக் குழாயோடு இணைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். வெயில் காலத்திலும் நிரம்புகிறது, மேலே வெள்ளையாகக் கொழுப்பு படிந்திருக்கிறது என்றால், காரணம் வேறு. சமையலறை எண்ணெய் உறைந்து குழாயை அடைத்திருக்கும். அருகில் சாப்பாட்டுக் கடை இருந்தால் அதையும் சேர்த்துக் குறிப்பிடுங்கள்.

ஆகவே முறைப்பாட்டில் "மான்ஹோல் நிரம்புகிறது" என்று மட்டும் எழுத வேண்டாம். எந்த வீட்டு இலக்கத்துக்கு முன்னால், மழை தொடங்கி எவ்வளவு நேரத்தில், வெயிலிலும் வருகிறதா, என்ன மிதக்கிறது என்று எழுதுங்கள். அப்படி எழுதிய கடிதத்தைப் படிக்கும் பொறியியலாளர், அடைப்பு எடுக்கும் வண்டியை அனுப்புவதா, வீட்டிணைப்புகளைப் பரிசோதிக்க ஆள் அனுப்புவதா என்று மேசையிலிருந்தே தீர்மானிக்க முடியும்.

இன்னொன்று, தயவுசெய்து கேளுங்கள். யாரும் தாங்களாகவே மூடியைத் திறந்து உள்ளே இறங்கவோ, கூலிக்கு ஓர் ஆளைப் பிடித்து இறக்கவோ வேண்டாம். உள்ளே தேங்கும் வாயு இரண்டு மூச்சில் ஆளை மயக்கிவிடும். காப்பாற்ற இறங்குகிறவரும் அதோடு போய்விடுவார். வேலைத்தளத்தில் ஒரு தம்பி ஏணியின் மூன்றாவது படியில் நின்றபடியே கண் செருகியதை நான் பார்த்திருக்கிறேன். இடுப்பில் கயிறு கட்டியிருந்தபடியால் இழுத்தெடுத்தோம்.

அதே ஒழுங்கையிலிருந்து, தொடர்மாடியில் வசிப்பவர்: எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்துக்குள்ளேயே கழிவு நிரம்புகிறது. இதற்கும் அதே கடிதமா?

இல்லை. கட்டடத்துக்குள் ஓடும் பொதுக் குழாய் உங்கள் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் பொறுப்பு. மாதாந்தப் பராமரிப்புப் பணத்திலிருந்து அவர்கள் செய்ய வேண்டியது அது. அவர்கள் செய்யாவிட்டால் கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபையிடம் முறையிடலாம். வீதிக் குழாயோடு சேரும் இடத்துக்கு அப்பால்தான் மாநகர சபையின் வேலை தொடங்குகிறது.

பம்பலப்பிட்டியிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர்: எங்கள் ஒழுங்கை குண்டும் குழியுமாக இருக்கிறது. இது தனியார் ஒழுங்கை, செப்பனிட முடியாது என்று மாநகர சபையில் எங்களுக்குச் சொல்லப்பட்டது. சோலைவரி கட்டுகிற எங்களுக்கு ஏன் இந்த நிலை?

ஐயா, உங்கள் மனவருத்தம் நியாயமானது. ஆனாலும் பதிலும் சட்டப்படி சரியாக இருக்கக்கூடும். காலி வீதி ஏ2 என்று இலக்கமிடப்பட்ட பெருந்தெரு. அது வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. அதிலிருந்து பிரியும் சிறிய வீதிகளும் ஒழுங்கைகளும் பெரும்பாலும் மாநகர சபைக்குரியவை. ஆனால் ஒரு பெரிய காணியைத் துண்டுதுண்டாகப் பிரித்து விற்றபோது, உள்ளே போகும் வழிக்கென்று ஒதுக்கிய நிலம் சபைக்கு ஒப்படைக்கப்படாமலே போன ஒழுங்கைகள் கொழும்பில் ஏராளம். அவை இன்றும் பழைய உரிமையாளரின் பேரிலோ, அவரது வாரிசுகளின் பேரிலோதான் இருக்கின்றன. பொதுப்பணத்தைத் தனியார் நிலத்தில் செலவிட்டால் கணக்காய்வில் அந்த அதிகாரியே பதில் சொல்ல வேண்டிவரும். அதனால்தான் கையை விரிக்கிறார்கள்.

உங்கள் காணி உறுதியை எடுத்து, அதனோடு இணைந்த நில அளவைப் படத்தைப் பாருங்கள். அதில் உங்கள் துண்டுக்கு முன்னாலுள்ள பாதை எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது? "வழிக்கான ஒதுக்கு" என்று ஒரு துண்டு இலக்கத்தோடு இருந்தால், அது தனியார் வழியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சபையின் வீதி என்று பேர் குறிப்பிட்டிருந்தால் கடிதத்தோடு அந்தப் படத்தின் பிரதியை இணையுங்கள். வாதம் அங்கேயே முடிந்துவிடும். தனியார் வழிதான் என்று உறுதியானால், அந்த நிலத்தில் உரிமையுள்ள எல்லோரும் கையொப்பமிட்டுச் சபையிடம் ஒப்படைக்க முன்வர வேண்டும். வெளிநாட்டிலுள்ள ஒருவர் கையொப்பமிடாததால் முழு வேலையும் நின்றுபோன ஒழுங்கைகளை நான் அறிவேன். ஆகவே முதலில் அந்தப் பட்டியலைத் தயாரியுங்கள், பிறகு சபைக்குப் போங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வியாபாரி: வீடு வாங்கி மூன்று வருடமாகிறது. சோலைவரிப் பத்திரம் இன்னும் பழைய சொந்தக்காரரின் பேரிலேயே வருகிறது. கட்டினால் போதாதா?

பணம் கட்டுவதற்குப் போதும். ஆனால் நிலுவை அறிவித்தலும் மறுமதிப்பீட்டு அறிவித்தலும் வேறொருவர் பேருக்கு வந்துகொண்டிருக்கும். மதிப்பீட்டை எதிர்ப்பதற்கு அறிவித்தலில் குறித்த காலம் கடந்துவிட்டால் உங்கள் நியாயத்தைக் கேட்க ஆளிருக்காது. உறுதியின் பிரதியோடு மதிப்பீட்டுப் பிரிவில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். ஒரு விடயத்தைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள்: வரிப் பற்றுச்சீட்டு எத்தனை வருடத்தது இருந்தாலும் அது காணி உரிமைக்கு ஆதாரமாகாது; உறுதிதான் ஆதாரம். பழைய பற்றுச்சீட்டுக் கட்டை நம்பி உறுதியைச் சரிபார்க்காமல் வீடு வாங்கி ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள்.

வருடத்துக்கான முழுத் தொகையையும் ஜனவரி 31ஆம் திகதிக்கு முன் கட்டினால் 10 வீதக் கழிவு கிடைக்கும். காலாண்டாகக் கட்டுகிறவர்கள் அந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 வீதம்.

வெள்ளவத்தையிலிருந்து ஓர் இளம் தாய்: பக்கத்துக் காணியில் தொடர்மாடி கட்டிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். லிஃப்ட் வைக்கத் தோண்டிய குழியில் தண்ணீர் நிற்கிறது. மகனுக்கு டெங்கு வந்து தேறியிருக்கிறான். அவர்களிடம் சொன்னால் ஆளில்லை.

தங்கச்சி, இதை இன்றைக்கே செய்யுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதாவது நமது பி.எச்.ஐ., இதற்கென்றே சட்ட அதிகாரம் பெற்றவர். நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் காணிக்குள் நுழைந்து பார்க்கவும், அறிவித்தல் கொடுக்கவும், நீதவான் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரவும் இடமளிக்கிறது. உரிமையாளர் ஊரில் இல்லை என்பது சட்டத்தின் முன் விலக்காகாது. உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்கு நேரில் போய், காணியின் மதிப்பீட்டு இலக்கத்தைக் கொடுங்கள். இலக்கம் இருந்தால் வரிப் பதிவேட்டிலிருந்து உரிமையாளரின் பெயரையும் முகவரியையும் எடுப்பது அவர்களுக்கு எளிது. வேலியிலுள்ள கட்டுமானப் பலகையையும் படமெடுத்துக்கொண்டு போங்கள்.

முட்டையிலிருந்து நுளம்பு பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். அதனால் ஒருமுறை தண்ணீரை இறைத்துவிட்டதோடு விட்டுவிடாதீர்கள். முட்டை, குழியின் காய்ந்த சுவரில் மாதக்கணக்கில் ஒட்டியிருந்து, அடுத்த மழைக்குப் பொரிக்கும். 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 186,101 பேருக்கு டெங்குத் தொற்று என்று பதிவானது. அந்த வருடம் ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர்கள் யாரும் ஒரு குழித் தண்ணீரைச் சிறிய விடயமாக நினைக்க மாட்டார்கள். உங்கள் மகன் ஒருமுறை தேறியவன் என்பதால், இரண்டாம் முறை தொற்றினால் கடுமையாகும் சாத்தியம் கூடுதல் என்பதையும் கடிதத்தில் எழுதுங்கள்.

பம்பலப்பிட்டியிலிருந்து ஒருவர்: குப்பை லொறி ஒரு நாள் எடுக்கிறது, மறுநாள் அதே வகைப் பையை விட்டுவிட்டுப் போகிறது. ஏன்?

பிரிக்காத பையாக இருக்கும். 2016 நவம்பரிலிருந்து உக்கும் குப்பையையும் உக்காத குப்பையையும் வேறாகக் கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் நாட்கள் வேறு. சமையலறைக் கழிவோடு ஒரு பிளாஸ்டிக் போத்தல் கிடந்தாலும் விட்டுவிடுவார்கள். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று, மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் வீடுகளோடு புதையுண்டார்கள். நமது வீட்டுப் பைகளும் அந்த மேட்டில்தான் இருந்தன. பிரித்துக் கொடுப்போம்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு முதியவர்: அயல்வீட்டு ஈரப்பலா மரத்தின் கிளை எங்கள் கூரைமேல் சாய்ந்திருக்கிறது. நானே ஆளை வைத்து வெட்டலாமா?

அவசரப்பட வேண்டாம், ஐயா. பலா, ஈரப்பலா, பனை ஆகியவற்றைத் தறிப்பது 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்டது. மரத்தையே வெட்டுவதென்றால் பிரதேச செயலகத்தின் அனுமதி வேண்டும்; வெள்ளவத்தை திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்துக்குள் வருகிறது. கிளையை மட்டும் வெட்டுவதானால் முதலில் அயலவருடன் பேசுங்கள், கேட்கவில்லையென்றால் மத்தியஸ்த சபைக்குப் போங்கள். அயலவர்கள் முகம் பார்த்து வாழ வேண்டியவர்கள். வழக்கு கடைசி வழியாக இருக்கட்டும்.

வீதியோர மரம் என்றால் வேறு. அது மாநகர சபையின் பொறுப்பு. 2023 ஒக்டோபர் 6ஆம் திகதி காலை, கொள்ளுப்பிட்டி டூப்ளிகேஷன் வீதியில் ஓடிக்கொண்டிருந்த பஸ்மீது மரம் விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். அடிமரத்தில் காளான் முளைத்திருந்தாலோ, வேர்ப்பக்கத்து நடைபாதை புதிதாக மேலே தள்ளியிருந்தாலோ, அன்றைக்கே படமெடுத்து எழுத்தில் அறிவியுங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு மாணவி: இரவு 11 மணிக்குப் பின்னும் ஒலிபெருக்கி. யாரிடம்?

பொலிசாரிடம், 119. 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது.

பலர் கேட்டது: எழுதிக் கொடுத்தாலும் பதில் வருவதில்லை. வந்தாலும் சிங்களத்தில் வருகிறது. எங்கள் வட்டார உறுப்பினருக்குத் தொலைபேசியில் சொல்வது இலகுவல்லவா?

சொல்லுங்கள், தவறில்லை. ஆனால் அதை மட்டும் நம்பியிராதீர்கள். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தபின், 2025 மே 6ஆம் திகதித் தேர்தல்வரை உறுப்பினரே இருக்கவில்லை. ஒருவரின் தொலைபேசி இலக்கத்தை மட்டும் வைத்திருந்த ஒழுங்கைகளில் முறைப்பாடுகள் அந்த இரண்டு வருடமும் அப்படியே கிடந்தன. எழுத்தில் கொடுத்த முறைப்பாட்டின் கோவை இலக்கம் வைத்திருந்தவர்கள் ஆணையாளரின் நிர்வாகத்தில் தங்கள் வேலையைத் தொடர்ந்து கேட்டார்கள்.

தமிழிலேயே எழுதுங்கள். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி கொழும்பில் நீங்கள் அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளவும், தமிழில் பதில் பெறவும் உரிமையுண்டு. "தமிழில் பதில் தருமாறு வேண்டுகிறேன்" என்ற வரியைக் கடிதத்தின் முடிவில் சேர்த்துக்கொள்ளுங்கள். மறுத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். சிங்களத்தில் எழுதினால் வேலை சீக்கிரம் நடக்கும் என்று ஆள் பிடித்து எழுதுவிக்கிறவர்கள், பிறகு அந்தக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று தாங்களே வாசிக்க முடியாமல் நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது.

இரண்டு பிரதி கொண்டுபோங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் திகதி முத்திரை வாங்குங்கள். முத்திரை தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் பற்றுச்சீட்டைப் பிரதியின் பின்பக்கத்தில் ஒட்டிவையுங்கள். ஒரு மாதம் பொறுத்தும் பதில் இல்லையென்றால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தகவல் அதிகாரிக்கு விண்ணப்பம் கொடுங்கள். அதில் முறைப்பாட்டைத் திரும்பச் சொல்லாமல், "இந்தத் திகதியிட்ட எனது கடிதத்தின்மீது எந்த அதிகாரி, எப்போது, என்ன குறிப்பெழுதினார்? அந்தப் பக்கத்தின் பிரதி வேண்டும்" என்று கேளுங்கள். 14 வேலைநாட்களுக்குள் அவர் தீர்மானம் சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அதிகாரியிடம் மேன்முறையீடு, அதன்பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

என் சொந்த ஒழுங்கையில் எட்டு மாதமாக எரியாமலிருந்த வீதி விளக்குக்காக மூன்று கடிதம் எழுதினேன். எந்த அலுவலகத்துக்கு என்பது இங்கே தேவையில்லை. நான்காவதாக அந்த ஒற்றைக் கேள்வியைக் கேட்டு விண்ணப்பம் கொடுத்தேன். பதினொராம் நாள் மாலை, ஏணி ஏற்றிய வண்டியில் இரண்டு தம்பிமார் வந்து இறங்கினார்கள். அவர்களில் ஒருவரின் கையில் என்னுடைய முதலாவது கடிதம் இருந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் யாரோ குறிப்பெழுதியிருந்தார்கள்.