கேளுங்க சொல்றோம்: மெர்லீன் ஓட்டி ஸ்பெஷல்

போன இதழ்ல ஜமைக்கா ஓட்டக்காரி மெர்லீன் ஓட்டி பத்தி ரெண்டே வரி எழுதினதுக்கு இவ்ளோ கேள்வி வரும்னு எதிர்பாக்கல. முடிஞ்ச வரைக்கும் பதில் சொல்லிடறேன்.

ஒன்பது ஒலிம்பிக் மெடல், அதுல ஒண்ணு கூட தங்கம் இல்லையாமே? அப்புறம் என்ன பெரிய ஆளு? (கரூர் வாசகர்)

அண்ணே, மெடல் பட்டியல மட்டும் பாத்தா அப்படித்தான் தோணும், மூணு வெள்ளி ஆறு வெண்கலம், அதனால 'வெண்கல ராணி'ன்னு பேரே வெச்சுட்டாங்க. எனக்கு அந்தப் பேரு சுத்தமா பிடிக்காது. 1980 மாஸ்கோல 200 மீட்டர்ல வெண்கலம் வாங்கினப்போ அவங்களுக்கு வயசு 20, இங்கிலீஷ் பேசுற கரீபியன் தீவுகள்லேர்ந்து ஒலிம்பிக் மெடல் வாங்கின முதல் பொண்ணே அவங்கதான். 84 லாஸ் ஏஞ்சல்ஸ்ல ரெண்டு வெண்கலம் (நம்ம பி.டி. உஷா 400 மீட்டர் ஹர்டில்ஸ்ல செகண்டுல நூத்துல ஒரு பங்குல மெடல விட்டாங்களே, அதே ஒலிம்பிக்தான்). 92 பார்சிலோனா 100 மீட்டர் ஃபைனல் இன்னும் கொடுமை, அமெரிக்காவோட கெய்ல் டெவர்ஸ் 10.82 செகண்டுல ஜெயிச்சாங்க, ஓட்டி 10.88, ஆனா இடம் என்னவோ அஞ்சாவது! ஆறு நூறாம் பங்குக்குள்ள அஞ்சு பேரு. அடுத்த வருஷம் ஸ்டுட்கார்ட் உலக சாம்பியன்ஷிப்ல டெவர்ஸுக்கும் இவங்களுக்கும் ஒரே டைம், தங்கம் டெவர்ஸுக்கு. 96 அட்லாண்டாலயும் அதே கதை, ரெண்டு பேரும் 10.94, தங்கம் மறுபடி டெவர்ஸுக்கே போச்சு, அப்போ ஓட்டிக்கு வயசு 36.

ஒலிம்பிக்ல இல்லையே தவிர தங்கமே இல்லைன்னு நினைச்சுடாதீங்க. ஸ்டுட்கார்ட்ல 100 மீட்டர் கை நழுவின அதே மீட்லயே 200 மீட்டர 21.98ல ஓடி ஜெயிச்சாங்க, 95 கோத்தன்பர்க்லயும் 200 மீட்டர் தங்கம் அவங்களுக்குத்தான், 91 டோக்கியோல ரிலே தங்கமும் இருக்கு. உலக சாம்பியன்ஷிப் மெடல் மட்டும் மொத்தம் 14.

ரெண்டு பேருக்கும் ஒரே டைம்னா தங்கத்த ஏன் பங்கு போட்டுக் குடுக்கல? (கோயம்புத்தூர், காலேஜ் மாணவி)

போர்டுல காட்டுறது நூறாம் பங்கு வரைக்கும்தாம்மா. ஃபோட்டோ ஃபினிஷ்ல அதுக்கும் கீழ ஆயிரத்துல ஒரு பங்கு வரைக்கும் படிக்க முடியும். அந்த கேமரா நம்ம எடுக்கிற மாதிரி ஒரு முழு ஃபோட்டோ எடுக்காது, ஃபினிஷ் லைன் இருக்கிற அந்த ஒல்லியான கோட்ட மட்டும் திரும்பத் திரும்ப எடுத்து வரிசையா ஒட்டிக்கிட்டே போகும், அதனாலதான் அந்தப் படத்துல ஷூவெல்லாம் இழுத்து விட்ட மாதிரி கோணலா தெரியும். நடுவர் அதுல ஒவ்வொருத்தரோட உடம்பு எங்க கோட்டத் தொடுதுன்னு நேர்கோடு போட்டுப் பாப்பாரு. கணக்குல எடுக்கிறது நெஞ்சுப் பகுதி மட்டும்தான், தலை, கழுத்து, கை, கால் எதுவும் கிடையாது. அட்லாண்டால அந்தக் கோட்டுல மயிரிழையில போச்சு.

2000 சிட்னி ஒலிம்பிக்ல ஓட்டி கூட ஓடுறவங்களே அவங்கள எதிர்த்து கொடி பிடிச்சாங்கன்னு படிச்சேன், நிஜமா? (திருநெல்வேலி)

நிஜம்தான். அதுக்கு முன்னாடி நடந்தத சொல்லணும். 1999ல நாண்ட்ரலோன்னு ஒரு ஊக்கமருந்து டெஸ்ட்ல மாட்டினாங்க, தப்பே பண்ணலன்னு கடைசி வரைக்கும் சொன்னாங்க, ஜமைக்கா விசாரணைல விடுவிச்சாங்க, 2000ல தடையும் நீங்கிடுச்சு. அப்புறம் ஒலிம்பிக் டீமுக்கு ஆள் எடுக்கிற ஜமைக்கா டிராயல்ஸ்ல (தேர்வுப் போட்டி) 100 மீட்டர்ல நாலாவதுதான் வந்தாங்க, டிராயல்ஸ்ல ஜெயிச்ச பீட்டா-கே டவுடிய தூக்கிட்டு அந்த இடத்துல ஓட்டிய போட்டாங்க. சும்மா இருப்பாங்களா, ஒலிம்பிக் வில்லேஜ்லயே சக வீரர்கள் போராட்டம் பண்ணிட்டாங்க. டிராயல்ஸ்ல ஜெயிச்ச பொண்ண உக்கார வெச்சது நியாயம் இல்லன்னுதான் நானும் சொல்வேன், ஆனா லிஸ்ட் போட்டது ஓட்டி இல்லையே, அவங்க மேல ஏன் பாய்ஞ்சாங்கன்னு புரியல.

ஃபைனல்ல 40 வயசுல 11.19, நாலாவது இடம். மூணாவது வந்ததும் ஜமைக்கா பொண்ணுதான், தாய்னா லாரன்ஸ், 11.18. மறுபடியும் ஒரு நூறாம் பங்கு! அதுக்கப்புறம் முதல்ல வந்த அமெரிக்காவோட மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து எடுத்தத ஒத்துக்கிட்டதும் ரிசல்ட்ட மாத்தினாங்க, 2009ல அந்த வெண்கலம் ஓட்டிக்கு வந்து சேந்துச்சு. இலங்கையோட சுசந்திகா ஜயசிங்கவுக்கு 200 மீட்டர் வெண்கலம் வெள்ளியா மாறினதும் அதே ஜோன்ஸ் விவகாரத்துலதான்.

சிட்னி ரிலேல வெள்ளி வாங்கின ஜமைக்கா டீம்ல 18 வயசு வெரோனிகா கேம்பல் இருந்தாங்க. 2004ல 200 மீட்டர் தங்கம் அடிச்சு, ஓட்டிக்கு கடைசி வரைக்கும் கிடைக்காதத ஜமைக்காவுக்கு வாங்கிக் குடுத்தது அந்தப் பொண்ணுதான்.

ஸ்லோவேனியாக்கு ஏன் போனாங்க? (வேலூர்)

கோச்சுக்காகத்தான். 98லேர்ந்தே அங்கதான் பிராக்டிஸ், ஜமைக்கால இவ்ளோ கசப்பு வேற, 2002ல குடியுரிமை வாங்கிட்டாங்க. 2004 ஏதென்ஸ்ல ஸ்லோவேனியா டிரஸ்ல 44 வயசுல ஓடி 100 மீட்டர் செமி ஃபைனல் வரைக்கும் வந்தாங்க, அது அவங்களோட ஏழாவது ஒலிம்பிக். 2008 பெய்ஜிங்குக்கு குவாலிஃபை ஆக முடியல. அதோட விட்டுடுவாங்கன்னு பாத்தா 2010ல ஐரோப்பிய சாம்பியன்ஷிப்ல ரிலே ஓடினாங்க, வயசு 50. 2012லயும் வந்தாங்க!

அவங்க ரெக்கார்டு ஏதாவது இன்னும் நிக்குதா? (செங்கல்பட்டு)

1993ல பிரான்ஸ்ல லியேவாங்கிற ஊர்ல ஓடின இண்டோர் (உள்ளரங்க) 200 மீட்டர், 21.87 செகண்ட். முப்பது வருஷம் தாண்டியும் அத யாரும் முறியடிக்கல. ஷெல்லி-ஆன், எலைன் தாம்சன்னு ஜமைக்காலேர்ந்து எத்தனையோ பேரு வந்தாச்சு, 2024 பாரிஸ்ல செயின்ட் லூசியா பொண்ணு ஜூலியன் ஆல்ஃபிரட் 100 மீட்டர் தங்கமே வாங்கிட்டாங்க. ஆல்ஃபிரட் இண்டோர்லயும் நல்லா ஓடுற ஆளு, அந்த 21.87 உடையணும்னா அவங்களாலதான் உடையும்னு நினைக்கிறேன்.