‘டி. ஹிக்கி, மெட்ராஸ், 1795’: வாங்கலாமா?

கேள்வி: பழம்பொருள் கடை ஒன்றில் தலைப்பாகை அணிந்தவர் ஒருவரின் எண்ணெய் வண்ண ஓவியத்தைப் பார்த்தேன். மூலையில் ‘டி. ஹிக்கி, மெட்ராஸ், 1795’ என்று இருக்கிறது. அயர்லாந்து ஓவியர் தாமஸ் ஹிக்கியின் அசல் என்கிறார் கடைக்காரர். முன்பணம் கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். 1795இல் ஹிக்கி மெட்ராஸில் இல்லை.

டப்ளினில் ஒரு மிட்டாய்க்கடைக்காரரின் மகனாக 1741இல் பிறந்தவர் அவர். 1780இல் இந்தியாவுக்குக் கப்பலேறினார். வழியில் பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பல்கள் பிடித்துவிட, லிஸ்பனில் உருவப்படங்கள் வரைந்து பிழைத்தார். 1784இல்தான் கல்கத்தா வந்து சேர்ந்தார். 1791இல் ஊர் திரும்பினார். அப்புறம் பிரிட்டன் சீனாவுக்கு அனுப்பிய மெக்கார்ட்னி தூதுக்குழுவின் ஓவியராக அங்கே போனார். மறுபடி இந்தியா வந்தது 1798இல். திப்பு சுல்தான் வீழ்ந்தபின் திப்புவின் மகன்களையும் மைசூர் திவான் பூர்ணையாவையும் வரைந்தவர் இவரே. 1824இல் மெட்ராஸிலேயே இறந்தார்.

ஹிக்கியின் கைவண்ணத்தைப் பழகிக்கொள்ள 1816இல் வரைந்த காலின் மெக்கன்சி ஓவியத்தைப் பாருங்கள். தென்னிந்திய வரலாற்றுக்கு உதவும் ‘மெக்கன்சி சுவடிகள்’ தொகுப்பைத் திரட்டிய அதே மெக்கன்சிதான். சிவப்புச் சீருடையில் அவர். பின்னால் தூரத்தில் சமணர்களின் கோமடேசுவரர் சிலை. கூடவே மூன்று இந்திய உதவியாளர்கள். ஒருவர் கையில் ஓலைச்சுவடி, இன்னொருவர் கையில் தொலைநோக்கி. அந்த மூவரும் துரையின் பெருமைக்கு நிறுத்திவைத்த பொம்மைகள் அல்ல. ஆளுக்கொரு முகம், ஆளுக்கொரு பார்வை. எனக்கு ஹிக்கியைப் பிடிப்பதே இதனால்தான். ஓவியம் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. இணையத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

சரி, கடைக்கு மறுபடி போகும்போது ஒரு லென்ஸ் கொண்டுபோங்கள். சீரான புள்ளிகள் தெரிந்தால் அது அச்சுப்படம். பழைய வண்ணத்தில் விழுந்த வெடிப்புகளுக்குள் கையெழுத்தின் மை இறங்கியிருந்தால், பெயரைப் பிற்பாடு யாரோ சேர்த்திருக்கிறார்கள். படம் பழையது, பெயர் மட்டும் பொய் என்பதும் நடப்பதுதான். அப்படியானால் ‘ஓவியர் பெயர் தெரியாத பழைய படம்’ என்ற விலைக்குப் பேசுங்கள்.

இன்னொன்று. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த ஓவியம் தொல்பொருள். அதை விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும். நீங்கள் வாங்கினாலும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. கடைக்காரரிடம் முதலில் அந்த உரிமத்தைக் கேளுங்கள், படத்தின் விலையை அப்புறம் பேசலாம்.