வெள்ளத்தில் மூழ்கிய காரை மறைத்து விற்றால் பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: எட்டு மாதம் முன்பு சென்னையில் ஒரு பழைய கார் விற்பனையாளரிடம் 4 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய்க்குக் கார் வாங்கினேன். 'தண்ணீர் ஏறிய வண்டியா?' என்று வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு 'இல்லவே இல்லை' என்றார். இப்போது ஏர்பேக் விளக்கு அணைவதே இல்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்கிறார் மெக்கானிக். விற்றவரோ, 'பார்த்துத்தானே வாங்கினீர்கள்' என்கிறார்.

பதில்: முதலில் வண்டியை ஓட்டுவதை நிறுத்துங்கள். அந்த விளக்கு எரிந்தால், மோதும்போது ஏர்பேக் விரியும் என்று நம்ப முடியாது. வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள் என்றால் இதில் யோசிக்கவே வேண்டாம்.

அப்புறம், ரிப்பேர் செய்யாதீர்கள். பலர் ஒயரை மாற்றி, உள்ளே கழுவிவிட்டு, பில்லோடுதான் என்னிடம் வருகிறார்கள். அதற்குள் சாட்சியம் போய்விடுகிறது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். வழக்கமாகச் சுருளுக்குள்ளேயே இருக்கும் அந்தப் பகுதியைப் பெரும்பாலும் யாரும் துவைப்பதில்லை. சேற்றுக்கறை அங்கே தங்கியிருக்கும். ஸ்டெப்னி குழியில் வண்டல், சீட்டுக்கு அடியில் துரு, எல்லாவற்றையும் படம் எடுங்கள். அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் எழுத்துப்பூர்வமாக அறிக்கை வாங்குங்கள். மெக்கானிக் வாய்ச்சொல் போதாது. வெள்ளத்துக்காக இன்சூரன்ஸ் க்ளெய்ம் வாங்கியிருந்தாலும் ஆர்.சி. புத்தகத்தில் அது தெரியாது. பழைய பாலிசி நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். தர மறுத்தால், அந்த ஆவணத்தை வரவழைக்க நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

'பார்த்துத்தானே வாங்கினீர்கள்' என்ற வாதத்துக்கு ஒப்பந்தச் சட்டத்தின் 19-ஆவது பிரிவில் ஓரளவு இடம் இருக்கிறது. விற்றவர் வாய் திறக்காமல் மறைத்து, சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும் என்றால், ஒப்பந்தத்தை ரத்து செய்வது கஷ்டம். ஆனால் நீங்கள் கேட்டீர்கள், அவர் தெரிந்தே பொய் சொன்னார் என்றால் அந்த விலக்கு அவருக்குக் கிடைக்காது. உங்கள் வழக்கே அந்த வாட்ஸ்அப் பதிலில்தான் நிற்கிறது. அழித்துவிடாதீர்கள், போனையும் மாற்றாதீர்கள்.

விற்றவர் வியாபாரி என்பதால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே புகார் தரலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. கெடு இரண்டு ஆண்டு. தனிநபர் தன் சொந்தக் காரை விற்றிருந்தால் இந்த வழி கிடையாது, சிவில் நீதிமன்றம்தான். மோசடி என்று போலீஸிலும் புகார் தரலாம். ஆனால் விற்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

சர்வீஸ் அறிக்கை கைக்கு வந்ததும், காரைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தரும்படி 15 நாள் கெடு வைத்து டெலிவரி அத்தாட்சியோடு ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். அதுவரை காரை வேறு யாருக்கும் விற்க வேண்டாம். விஷயத்தை மறைத்து விற்றால், நாளை இதே நோட்டீஸ் உங்கள் பெயருக்கு வரும்.