டூரின் துணியின் வயதைக் கண்டுபிடித்தால் மத நம்பிக்கை நிரூபணமாகுமா, பொய்யாகுமா?

டூரின் துணி என்பது இத்தாலியின் டூரின் நகரில் உள்ள, சுமார் 4.4 மீட்டர் நீள லினன் துணி. சிலுவையில் அறையப்பட்ட ஓர் ஆணின் உருவம் அதில் மங்கலாகத் தெரிகிறது. இயேசுவின் உடலைச் சுற்றிய துணி இதுதான் என்று பலர் நம்புகிறார்கள்.

1988-இல் ஒரு மூலையில் சிறு கீற்றை வெட்டி ஆக்ஸ்ஃபோர்டு, சூரிச், அரிசோனா ஆய்வகங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். லினன் நூல் தரும் ஆளிச்செடி, உயிரோடிருக்கும்வரை காற்றிலிருந்து கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனை எடுத்துக்கொள்ளும். செடியை அறுத்த பிறகு அந்தக் கார்பன்-14 சிதைந்துகொண்டே போய், சுமார் 5,730 ஆண்டுகளில் பாதியாகும். மீதியை அளந்தால் வயது தெரியும். கிடைத்த விடை கி.பி. 1260–1390. துணியில் படிந்த அழுக்கின் புதிய கார்பன் வயதைக் குறைத்துக் காட்டக்கூடும் என்பது உண்மைதான். அதனால்தான் மாதிரியை முதலில் கழுவிச் சுத்தம் செய்கிறார்கள். ஆனால் இயேசு வாழ்ந்த முதல் நூற்றாண்டின் துணி இவ்வளவு இளசாகத் தெரிய, மாதிரியின் கார்பனில் பாதிக்கு மேல் அழுக்கிலிருந்தே வந்திருக்க வேண்டும். இதை ஏற்பது கடினம்.

ஒரு நிலப்பத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பத்திரத் தேதிக்குப் பிறகு அச்சான முத்திரைத்தாள் என்றால் அது போலி. தாள் பழையது என்பதற்காக உள்ளே எழுதியிருப்பது உண்மையாகிவிடாது. துணிக்கு முதல் நூற்றாண்டு என்றே விடை வந்திருந்தாலும், உயிர்த்தெழுதல் நிரூபணமாகியிருக்காது.

துணி போலியானால் கிறித்தவமே பொய் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆனால் கத்தோலிக்கத் திருச்சபையின் விசுவாச அறிக்கையில் இந்தத் துணி இடம்பெறவே இல்லை.